தலைமையாசிரியருக்கு யார் ஆசிரியர்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்தால், பொம்மையார்பாளையத்தைத் தாண்டியதும் பிள்ளைச்சாவடி. கடலோரம் மீனவர் குடியிருப்பு. ஆண்டுக்கு ஆண்டு கரையை அரித்துக்கொண்டு கடல் வீடுகளை நெருங்கி வரும் ஊர். 1980களில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020-இல் பல்கலைக்கழகமான புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் இதே ஊர்தான் முகவரி. சற்று வடக்கே காலாப்பட்டில், 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். மேற்கே செம்மண் மேட்டில், 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் கல்வியைப் பற்றி இத்தனை விதமான எண்ணங்கள் அக்கம்பக்கமாகக் குடியிருப்பதை வேறு இடங்களில் காண்பது அரிது. இந்த வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காருபவரைச் சுற்றி ஒரு கேள்வி எழுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது நிர்வாகக் கேள்வி. உண்மையில் ஆன்மிகக் கேள்வி. கற்பிப்பவர்களுக்கெல்லாம் தலைவராகிவிட்ட ஒருவர், இனி யாரிடம் கற்பது, எப்படிக் கற்பது?

அரசிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஆசிரியர்களைப் போலவே தலைமையாசிரியர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'நிஷ்டா' திட்டம், தொடக்கக் கல்வி நிலையில் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் எட்ட முனைந்தது. கொரோனா காலத்தில் அது 'தீக்ஷா' இணையத் தளத்துக்கு இடம் மாறியது. டெல்லியில் கல்வித் திட்டமிடலுக்கான நீபா நிறுவனத்தில், பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் 2012 முதல் இயங்குகிறது. இவை எல்லாமே தேவையானவை. வகுப்பில் இருபது, இருபத்தைந்து வருடம் கணக்கோ தமிழோ நடத்தியவரை, பணிமூப்பு வந்ததும் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்துச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிடுவதே நெடுங்காலமாக நம் நடைமுறை. நல்ல ஆசிரியராக இருந்தவர் தானாகவே நல்ல தலைவராகிவிடுவார் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. அந்த நம்பிக்கை சரியில்லை என்று அரசு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

புதுச்சேரிக்கு இதில் கூடுதல் அவசரம். 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. ஐம்பது வயதைக் கடந்த தலைமையாசிரியர்கள், தாங்கள் படிக்காத, நடத்தியும் பழகாத ஒரு முறையைத் தம் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள்.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரும்பு பீரோ, அதன்மேல் அடுக்கிய பழைய பதிவேடுகள். மேசையில் வருகைப் பதிவேடு, மதிய உணவுக் கணக்கு, இன்றைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டிய யுடைஸ் பிளஸ் பள்ளிப் புள்ளிவிவரங்கள். வாசலில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு தாய். வராத ஆசிரியரின் வகுப்பிலிருந்து கூச்சல். இத்தனைக்கும் நடுவில் மேசை ஓரத்தில் கைப்பேசி. அதில் தலைமைப் பண்பு பற்றிய பயிற்சிக் காணொலி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடி முடிந்ததும் கேள்விகள் வரும், பிறகு சான்றிதழ் வரும். நாட்டின் பல பள்ளிகளில் காணக்கூடிய காட்சி இது. அந்த மனிதர் சோம்பேறி அல்ல, ஏமாற்றுபவரும் அல்ல. தனக்குச் சொல்லப்பட்ட முறையில் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். சிக்கல் அந்த முறையில் இருக்கிறது.

எதையும் யாருக்கும் கற்பித்துவிட முடியாது. உண்மையான கல்வியின் முதல் கோட்பாடாக இதைச் சொன்னவர் ஸ்ரீ அரவிந்தர். 1910-இல் 'கர்மயோகின்' வார இதழில் தேசியக் கல்வி பற்றி எழுதிய தொடரில் அவர் மூன்று கோட்பாடுகளை வைத்தார். அறிவு ஏற்கெனவே உள்ளே உறங்குகிறது, ஆசிரியர் அதை எழுப்ப உதவுபவர், வழிகாட்டி. மேலிருந்து வேலை வாங்குபவர் அல்லர் என்பது முதலாவது. மனத்தின் வளர்ச்சியில் அந்த மனத்தையே கலந்துகொள்ள வேண்டும், பெற்றோரோ ஆசிரியரோ விரும்பும் வடிவத்துக்கு அதை அடித்து வளைக்கக் கூடாது என்பது இரண்டாவது. அண்மையிலிருந்து சேய்மைக்குப் போக வேண்டும், இருப்பதிலிருந்து இனி ஆக வேண்டியதற்கு நகர வேண்டும் என்பது மூன்றாவது. அந்தத் தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோதே அவர் கல்கத்தாவை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் கப்பலிறங்கினார்.

இதைக் குழந்தைகளுக்கான கோட்பாடாக மட்டும் படிப்பது வழக்கம். ஆனால் அதை எழுதியவர் தாமே ஒரு கல்வி நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். பரோடா கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர், துணை முதல்வர், சில காலம் பொறுப்பு முதல்வர். பிறகு 1906-இல் கல்கத்தாவில் வங்காள தேசியக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வர். நாற்காலியின் கனம் அறிந்தவர் சொன்ன சொல் இது. அப்படியானால் அவருடைய மூன்று கோட்பாடுகளும் ஐம்பது வயதுத் தலைமையாசிரியருக்கு ஏன் பொருந்தாது? பயிற்சி அரங்குகளில், குழந்தையைக் கேள்வி கேட்க விடுங்கள், அவள் சூழலிலிருந்து தொடங்குங்கள், மனப்பாடத்தை விடுங்கள் என்று தலைமையாசிரியர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அதைச் சொல்லித் தரும் விதமோ, அவர்கள் சூழலைக் கேட்காமல், ஒரே படவில்லைகளை எல்லாருக்கும் காட்டி, முடிவில் தேர்வு வைப்பது. எந்தக் கல்வியைக் குழந்தைக்குத் தரக் கூடாது என்கிறோமோ, அதே கல்வியைக் குழந்தையின் தலைமையாசிரியருக்குத் தருகிறோம். எவரும் தாம் நடத்தப்பட்ட விதத்தில்தான் பிறரை நடத்துவார்; அரங்கில் கேட்ட அறிவுரை அந்தப் பழக்கத்துக்கு ஈடு நிற்காது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எதையும் கற்பிக்க முடியாது என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. சமையற்கட்டில் எழுந்த நெருப்பு கூரைக் கீற்றுக்குத் தாவியது. கீற்றுக் கூரை ஆபத்து, வெளியேறும் வழி அடைபடக் கூடாது என்பவை உள்ளிருந்து மலரக் காத்திருக்கும் ஞானங்கள் அல்ல. வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டிய, சரிபார்க்க வேண்டிய செய்திகள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டமும் அப்படித்தான். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது அச்சட்டப்படி தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை சிறை உண்டு. இதை அறியாத தலைமையாசிரியர் எவ்வளவு சாந்தமானவராக இருந்தாலும், அவருடைய அறியாமைக்கு விலை கொடுப்பது ஒரு குழந்தை.

அரவிந்தர் இதை மறுத்திருக்க மாட்டார் என்று கொள்ள இடமிருக்கிறது. புதுச்சேரியில் 1914 முதல் 1921 வரை வந்த 'ஆரியா' இதழில் அவர் யோகத்தைப் பற்றி எழுதிய நெடுந்தொடரில், முன்னேற்றத்துக்கான துணைகள் நான்கு என்றார்: சாஸ்திரம், உற்சாகம், குரு, காலம். யோகிக்குச் சொன்னதைப் பள்ளி அலுவலகத்துக்குக் கொண்டுவரலாமா என்று தயங்கத் தேவையில்லை. வாழ்க்கை முழுவதுமே யோகம் என்பதுதான் அவர் நிலைப்பாடு. சட்டமும் விதியும் பாதுகாப்பும் சாஸ்திரம். அது நான்கில் ஒன்று. நம் பயிற்சிகள் அந்த ஒன்றோடு நின்றுவிடுகின்றன.

உற்சாகம் என்று அவர் சொன்னது கைதட்டலில் வரும் கிளர்ச்சி அல்ல. தேடுபவனின் சொந்த முனைப்பு, விடாப்பிடி. இதற்கு ஓர் உதாரணம் புதுச்சேரி நகருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அடியார்கள் குடும்பத்தோடு அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து சேர, 1943 டிசம்பர் 2 அன்று ஆசிரமத்தை வழிநடத்திய ஸ்ரீ அன்னை சுமார் இருபது குழந்தைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவரே வகுப்பெடுத்தார். 1952-இல் அது பல்கலைக்கழக மையமாக விரிந்தது. இன்று ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம். அங்கே பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளமும் இல்லை. கற்பிப்பது அவர்களுக்குச் சாதனை. பிள்ளைக்குக் கல்வி தர விரும்புபவர் முதலில் தம்மைக் கற்பித்துக்கொள்ள வேண்டும், தம் குணங்களை அடக்கி ஆளப் பழக வேண்டும் என்று அன்னை எழுதினார். குழந்தை பிறர் சொல்வதைக் கேட்டு வளர்வதைவிட, கண்ணெதிரே இருப்பவரைப் பார்த்து வளர்வதே அதிகம் என்பது அவர் துணிபு.

அந்த மையத்தின் இயக்குநராக 1969-இல் மறையும்வரை இருந்தவர் பவித்ரா. இயற்பெயர் பிலிப் பார்பியே சேன்-இலேர். பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்த பொறியாளர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர், ஜப்பானிலும் மங்கோலியாவிலும் பௌத்தத் துறவிகளிடம் ஞானம் தேடி அலைந்தவர். 1925-இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தரோடு நடத்திய உரையாடல்களை மாணவனைப் போலக் குறித்துவைத்தார். ஒரு கல்வி நிறுவனத்தின் தலைமைக்கு வரும் முன் ஒருவர் இத்தனை ஆண்டு சீடராக இருந்திருப்பதை இன்றைய பணிவிதிகளில் எழுதிவைக்க முடியாது. ஆனால் அது இல்லாதபோது எதை இழக்கிறோம் என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

சான்றிதழ் இல்லாத அந்தப் பள்ளியை அப்படியே பிள்ளைச்சாவடிக்குக் கொண்டுவர முடியாது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் தேவை. தன் ஊரிலேயே இருக்கும் பல்கலைக்கழக வாசலைத் தாண்ட அவளுக்கு அதுதான் அனுமதிச் சீட்டு. மதிப்பெண்ணை இழிவாகப் பேசுவது, ஏற்கெனவே மேலே போய்விட்டவர்களுக்கு எளிது. தலைமையாசிரியரின் நிலை வேறு. அவர் தாண்ட வேண்டிய வாசல் இனி வெளியில் இல்லை. சான்றிதழால் அவருக்கு ஆவது கொஞ்சம்தான்.

குரு என்ற மூன்றாவது துணைக்கு, புதுச்சேரிப் பள்ளிகளின் காலை வணக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அங்கே பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் பாரதிதாசன். 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராக வேலையில் சேர்ந்து, 1946-இல் ஓய்வு பெற்றவர். முறையாகப் புலமைத் தேர்வு எழுதித் தேறிய இளைஞர் கனகசுப்புரத்தினத்தை மாற்றியது எந்தப் பயிற்சி வகுப்பும் அல்ல. 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியோடு ஏற்பட்ட பழக்கம். பண்டிதத் தமிழ் கற்றவர் எளிய தமிழை அங்கே கற்றார், தன் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். இதில் இன்னும் முக்கியமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. தொடக்கத்தில் மயிலம் முருகனைத் துதித்துப் பாடியவர் பின்னாளில் பெரியார் வழியில் பகுத்தறிவுக் கவிஞரானார். சக்தி உபாசகரான குருவின் இறைநம்பிக்கையைத் தாண்டிப் போனார். குருவின் பெயரை மட்டும் கடைசிவரை விடவில்லை. பாரதி அவருக்குக் கொள்கையைக் கற்பித்திருந்தால், கொள்கை மாறியபோது உறவும் அறுந்திருக்கும். அவர் எழுப்பிவிட்டது வேறொன்று. அரவிந்தரின் முதல் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம், அதுவும் கடவுளை மறுத்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து, கிடைப்பது கடினம்.

காலம் என்ற நான்காவது துணையைத்தான் நாம் அடியோடு மறந்துவிட்டோம். இதே மண்ணின் பழைய சாசனங்கள் அதை நினைவூட்டுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையில், முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரியைக் குறிக்கிறது. அங்கே கற்பிப்பவர்களும் கற்பவர்களும் ஊர் வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டது. அந்தக் கல்லூரி எல்லாருக்கும் திறந்திருந்ததல்ல. வேதம் ஓதும் உரிமை பெற்ற சாதியாருக்கே உரியது. மீனவர் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. ஆனால் கற்பிப்பவருக்குக் கற்க நேரம் வேண்டும், அதை ஊர் விட்டுத்தர வேண்டும் என்ற தெளிவு அன்று கல்லில் ஏறியிருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்றுதான் சொல்கிறது. பள்ளிக்கு உள்ளேயே வந்து சேரும் படிவங்களைப் பற்றி அது பேசவில்லை. சிங்கப்பூரில் முதல்வராகும் தகுதியுள்ளவர்களைத் தேசியக் கல்விக் கழகத்தில் சில மாதங்கள் முழுநேர மாணவர்களாக உட்கார வைக்கிறார்கள். பள்ளிப் பொறுப்பு எதுவும் அந்த மாதங்களில் அவர்கள் தலையில் இல்லை. அந்தத் திட்டத்தின் பாடங்களைவிட அந்த மாதங்களே முக்கியம் என்று தோன்றுகிறது.

அப்படியானால் நம் 50 மணி நேரத்தை என்ன செய்யலாம்? பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் பயில்பவர்களோடு பழகும்போது இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியரின் இந்தக் கணக்கை வைத்தால், வல்லுநர் பேச்சுக்கும் காணொலிக்கும் பன்னிரண்டரை மணி நேரம் போதும். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களோடு சேர்ந்து உட்காரப் பன்னிரண்டரை. மீதி இருபத்தைந்து மணி நேரம், ஒவ்வொருவரும் தம் பள்ளியில் நடந்ததை, தோற்றதையும் சேர்த்து, மற்றவர்கள் முன் எடுத்துச் சொல்வதற்கு. அருகருகே உள்ள பள்ளிகளை ஒரு வளாகமாக இணைத்து ஒன்றிலிருந்து ஒன்று கற்கச் செய்யலாம் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பரிந்துரைத்துவிட்டது. பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் கனகசெட்டிகுளமும் ஒரே சாலையில் இருக்கின்றன. மீன்பிடித் தடைக் காலத்தில் எந்தக் குடும்பம் எங்கே போகும், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நிற்கும் என்பது இந்த மூன்று ஊர்ப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடம். அதை டெல்லியிலிருந்து வரும் பாடத்தில் தேட முடியாது. அண்மையிலிருந்து சேய்மைக்கு என்பது இதுதான்.

இன்னும் ஒரு தடை மிச்சமிருக்கிறது, அதுவே மிகக் கடினமானது. சக தலைமையாசிரியர்கள் ஒருவரையொருவர் நோகடிக்க மாட்டார்கள். கீழே பணிபுரியும் ஆசிரியர் வாய் திறக்க மாட்டார். அதிகாரம் கைக்கு வந்தவருக்கு உண்மை சொல்பவர் குறைந்துகொண்டே போவார். வள்ளுவர் இதை முன்பே கண்டிருக்கிறார். குறளில் கல்வி அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசனைப் பற்றிய இறைமாட்சிக்கு அடுத்தபடியாக இருக்கிறது. கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல் என்று அதிகாரங்கள் தொடர்ந்து போகின்றன. ஆள்பவன்தான் முதல் மாணவன் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுக்க எதிரி இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது அங்கே வரும் எச்சரிக்கை.

சைவ மரபு இதை இன்னும் துணிச்சலாகச் சொன்னது. சுவாமிமலையில் பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, உலகுக்கெல்லாம் தந்தையான சிவன் சீடனாக அமர்ந்து கேட்கிறார். தட்சிணாமூர்த்தியாகக் கல்லால மரத்தடியில் முனிவர்களுக்கு மௌனத்தில் போதித்தவரும் அதே சிவன்தான். ஆதி குருவே சீடனாகவும் இருக்க முடியும், அதுவும் தன்னைவிடச் சிறியவரிடம் என்பதைப் பக்தர்கள் இழிவாக எண்ணவில்லை. கோயில் கட்டிக் கொண்டாடினார்கள். தலைமை என்பது கற்பதிலிருந்து ஓய்வு என்று நினைப்பவர், தம் வழிபாட்டையே இன்னொரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த இடிப்பாரை இன்றைய பள்ளியில் எங்கே தேடுவது? சட்டம் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பிள்ளைச்சாவடி போன்ற ஊரில், காலையில் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரும் தாய் அந்தக் குழுவில் உட்கார்ந்து, "எம் பொண்ணு அஞ்சாவது படிக்கிறா சார், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறா, ஏன் சார்?" என்று கேட்கலாம். அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தில் அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கப்படுகிறது. அவளைப் பேசவிட்டு, அவள் கேட்டதைப் பதிவேட்டில் அவள் சொற்களிலேயே எழுதி, அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து அவள் எந்த எழுத்தில் தடுக்குகிறாள் என்று தலைமையாசிரியரே பார்த்துவிட்டு வர அதிகபட்சம் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை 50 மணி நேரக் கணக்கில் சேர்க்க எந்தப் படிவத்திலும் இப்போது கட்டம் கிடையாது. புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்ககம் முதலில் சேர்க்க வேண்டிய கட்டம் அது.